ஆலங்குளத்துக்கு முன்னால் நின்றுபோகும் கார்: ஒரு பழைய மாருதி 800-இல் பெட்ரோல் பழுதைத் தேடிய கதை

பாளையங்கோட்டையில் இருந்து தென்காசிக்குக் கிளம்பினால் சீதபற்பநல்லூர் தாண்டியதும் இழுவை குறையும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி குலுங்கும். ஆலங்குளம் வருவதற்குள் எங்காவது ஓர் இடத்தில் நின்றுவிடும். பானெட்டைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் புளியமரத்தடியில் நின்றுவிட்டு செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடும், மறுபடி நிற்கும்.

கார் அப்பாவுடையது. 1997 மாடல் மாருதி 800, மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வண்டி. அப்பா தபால் துறையில் வேலை பார்த்தபோது வாங்கியது. தென்காசியில் அத்தை வீடு. மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வருவது அப்பாவுக்கு வழக்கம். வண்டி இப்படி ஆனதும் அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் 74 வயதில் தன் காரில் போய் இறங்குவது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

நான் கார் மெக்கானிக் இல்லை. பம்ப்செட் மோட்டார் ரிவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார்தான் 22 வருடமாக என் பிழைப்பு. இந்தப் பழுதில் அது எப்படி உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் கைக்கு வருமுன் வண்டி இரண்டு பட்டறைகளைப் பார்த்திருந்தது. பிளக் மூன்றும் புதிது, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் புதிது, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிட் போட்டாகிவிட்டது, பெட்ரோல் ஃபில்டர் புதிது, கடைசியாகப் பெட்ரோல் பம்பும் புதிது. ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகச் செலவு. வேலை பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வண்டி அவர்கள் பட்டறையில் நிற்கும்போது நன்றாகத்தான் ஓடியது. பழுது பட்டறைக்குள் வராது, ஆலங்குளம் ரோட்டில்தான் வரும்.

நான் முதலில் எடுத்தது ஸ்பேனர் இல்லை, அப்பாவின் நோட்டு. டேஷ்போர்டுக்குள் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். போட்ட பெட்ரோல், கிலோமீட்டர், எந்த நாள் என்ன வேலை பார்த்தது என்று எல்லாம் தபால்காரர் கையெழுத்தில் இருக்கும். அதைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு போனபோதுதான் ஒன்று புரிந்தது. நாங்கள் 'ஸ்டார்டிங் கம்ப்ளைன்ட்' என்று ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பழுது இல்லை. காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருப்பது மூன்று வருடமாக இருக்கிறது. ரோட்டில் நிற்பது ஒன்றரை வருடமாக. வண்டி ஓடி வந்து சூடாக நின்றபின் உடனே ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது வெறும் ஏழு வாரமாக. அதாவது, புதுப் பம்ப் போட்ட மறு வாரத்தில் இருந்து.

இன்னொரு குறிப்பும் கண்ணில் பட்டது. 2020 மார்ச்சுக்கு அப்புறம் கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்கு நோட்டில் ஒரு வரிகூட இல்லை. ஊரடங்கில் நிறுத்திய வண்டி, டேங்கில் கால்வாசிப் பெட்ரோலோடு அப்படியே ஷெட்டில் நின்றிருக்கிறது.

முதலில் கரண்ட் பக்கம்

செல்ஃப் அடிக்கும் சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. மோட்டார் சோம்பலாகச் சுற்றியது. பேட்டரியில் சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.3. பேட்டரி நல்ல நிலையில்தான் இருந்தது. 9.6-க்குக் கீழே இறங்கினால்தான் அதைச் சந்தேகப்பட வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துவிட்டு அப்பாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.9 வோல்ட் காட்டியது. அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தில் போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தது. கழற்றி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து மாட்டியதும் 0.1-க்கு வந்துவிட்டது. செல்ஃப் சத்தம் அந்த நிமிடமே மாறியது.

ஆனால் காலை ஸ்டார்டிங் கொஞ்சம்தான் தேறியது. இருபது விநாடி அடிக்க வேண்டிய இடத்தில் பதினைந்து. ஆக, எர்த் ஒரு பழுது, ஆனால் நாங்கள் தேடிய பழுது இல்லை. பழைய வண்டியில் இது அடிக்கடி நடக்கும். கண்ணில் படும் முதல் குறையைச் சரிசெய்துவிட்டு 'முடிந்தது' என்று பானெட்டை மூடிவிடுகிறோம்.

ரோட்டிலேயே பிடித்தது

அடுத்த ஞாயிறு வண்டியை வேண்டுமென்றே தென்காசி ரோட்டில் விட்டேன். நினைத்த இடத்திலேயே நின்றது. பழுது உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும், ஆறிப்போனால் அது ஒளிந்துகொள்ளும். இறங்கியதும் பிளக் டெஸ்டரை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்த்தேன். மூன்று சிலிண்டருக்கும் தெறிப்பாக நீல ஒளி. கரண்ட் வருகிறது. காயில் மாற்றியது தேவையில்லாத செலவு என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்து ஆக்சிலேட்டர் லிவரைக் கையால் இழுத்தேன். நல்ல வண்டியில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஊசி மாதிரி ஒரு பெட்ரோல் பீச்சு உள்ளே பாயும். இங்கே இரண்டு சொட்டு வழிந்தது, அவ்வளவுதான். கார்புரேட்டரின் பக்கவாட்டில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அதில் பார்க்கலாம், நடுவில் இருக்கும் வட்டக் குறியில் நிற்க வேண்டும். அன்றைக்கு அந்தக் கண்ணாடி வெறுமையாக இருந்தது. அந்தச் சின்னக் கண்ணாடியை யாராவது ஒரு வருடம் முன்னால் அந்த ரோட்டில் குனிந்து பார்த்திருந்தால் அப்பாவின் ஒன்பதாயிரம் மிஞ்சியிருக்கும்.

பெட்ரோல் வரவில்லை, சரி. ஏன் வரவில்லை? டேங்க் மூடியைத் திறந்தேன். மூச்சுத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் சேர்ந்து, மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்றை இழுக்கும். சத்தமே இல்லை. மூடியைத் திறந்து வைத்தே செல்ஃப் அடித்தும் பலனில்லை. மூச்சுத் துளை மேல் சந்தேகம் போனது.

வீட்டுக்கு வந்ததும் பம்பைச் சோதித்தேன். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பம்பில் இருந்து வெளியே வரும் ஹோஸை ஒரு தகர டப்பாவில் விட்டு, 15 விநாடி செல்ஃப் அடித்தால் 50 மில்லி வந்தது. நிமிடத்துக்கு 200 மில்லி. இந்த வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கு 4 லிட்டர் குடிக்கும், நிமிடத்துக்கு 67 மில்லி. தேவையைப் போல மூன்று மடங்கு வருகிறது. பட்டறையில் சோதித்தவர்களும் இதைத்தான் பார்த்து 'பெட்ரோல் நல்லா வருது அண்ணாச்சி' என்று சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் அது உண்மையும்கூட.

கிணற்று மோட்டார் சொல்லிக்கொடுத்தது

கிணற்றுக்கு மேலே வைத்த மோட்டார் பம்ப் தண்ணீரைத் 'தள்ளி' எடுப்பதில்லை, உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்துப் பைப்பில் ஓட்டை இருந்தால் அங்கே தண்ணீர் சொட்டவே சொட்டாது. வெளிக்காற்றுதான் உள்ளே போகும். 'ஏர் வாங்குது' என்போம். ராத்திரி மோட்டாரை நிறுத்தியதும் பைப்பில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கு இறங்கிவிடும், காலையில் குடம் குடமாக ஊற்றி பிரைமிங் செய்தால்தான் எடுக்கும். பைப்பின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வு வலையில் இலை ஒட்டியிருந்தால் மோட்டார் முதலில் நன்றாக இறைத்து, போகப் போகத் தண்ணீர் குறையும். நிறுத்தினால் இலை உதிர்ந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி நன்றாக இறைக்கும்.

கார்புரேட்டர் காரும் இதேதான். பம்ப் முன்னால் எஞ்சினில், டேங்க் பின்னால் அடியில். நடுவில் நீளமான உறிஞ்சு பைப். பம்பில் இருந்து கார்புரேட்டர் வரை இருக்கும் கொஞ்சத் தூரம்தான் அழுத்தம் உள்ள பக்கம், அங்கே லீக் இருந்தால் சொட்டும், வாடை அடிக்கும், யாரும் கண்டுபிடிப்பார்கள். மீதி முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தாலும் ஓடும்போது ஒரு சொட்டு வெளியே வராது. மாற்றிய சாமான்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் பானெட்டுக்குள் இருப்பவை. பின் சீட்டுக்குப் பின்னால் யாரும் போகவே இல்லை.

பம்புக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஃபில்டரைப் பார்த்தபடி அப்பாவை ரேஸ் பண்ணச் சொன்னேன். சரஞ்சரமாகக் காற்றுக் குமிழி. ஒன்று சொல்ல வேண்டும், ஃபில்டர் முழுதாக நிரம்பாமல் மேலே கொஞ்சம் காற்று நிற்பது பழுது இல்லை. நல்ல வண்டியிலும் அப்படித்தான் இருக்கும். விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால்தான் எங்கோ ஏர் வாங்குகிறது என்று அர்த்தம். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்தேன். டேங்கில் இருந்து வரும் இரும்புப் பைப்பையும் பாடியோடு ஓடும் பைப்பையும் இணைக்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸ். கீழே இருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. விரலை மேல்பக்கமாக வளைத்துத் தடவியபோது நகம் உள்ளே இறங்கியது. கழற்றி மடக்கினேன். முதுகுப் பக்கம் முழுக்க வறண்ட குளத்துக் களிமண் மாதிரி வெடிப்பு.

எத்தனால் தாங்கும் புது ஹோஸ், புதுக் கிளிப் போட்டேன். மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வரும் பைப்பின் ஹோஸையும் சேர்த்தே மாற்றினேன். மறுநாள் காலையில் நான்கு விநாடியில் ஸ்டார்ட். மூன்று வருடத்துக் காலைத் தொல்லை ஒரு சாண் ரப்பரில் முடிந்தது. ராத்திரி பெட்ரோல் டேங்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது, காலையில் செல்ஃப் அடித்தே பைப்பை நிரப்ப வேண்டியிருந்தது.

அந்த வாரமே தென்காசிக்குக் கிளம்பினோம். ஆலங்குளத்துக்கு முன்னால் நின்றது.

அப்பா எதுவும் பேசவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் இந்த முறை குமிழி இல்லை, ஃபில்டரில் பெட்ரோல் அசையாமல் நின்றது. மிச்சம் இருப்பது அடைப்பு.

ஊகத்தில் டேங்கை இறக்க எனக்கு மனசில்லை. ஏசி வேலை பார்க்கும் நண்பரிடம் வேக்குவம் கேஜ் (எவ்வளவு பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்று காட்டும் மீட்டர், அடைப்பு கூடினால் முள் ஏறும்) வாங்கி, பம்பின் உறிஞ்சு வாயில் ஒரு 'T' இணைப்பு போட்டு மாட்டி, கேஜை வைப்பருக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கு வெளியே கட்டினேன். பெட்ரோல் இருக்கும் ஹோஸை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது. நான் ஓட்ட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் முள் எங்கே இருக்கிறது என்று நோட்டில் எழுதினார். கிளம்பும்போது 2 இன்ச் (பாதரச அளவு). பேட்டை தாண்டி 3. சீதபற்பநல்லூரில் 6. அதற்கப்புறம் வேகமாக ஏறியது, 8, 10. 11-இல் வண்டி குலுங்கி நின்றது. நின்றதும் முள் மெதுவாக இறங்கத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் மறுபடி 2. இலை உதிர்வதைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

மறுபடி ஓட்டி மறுபடி நிற்கவைத்தேன். இந்த முறை காத்திருக்கவில்லை. பம்பின் உறிஞ்சு ஹோஸைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, டிக்கியில் கொண்டுபோயிருந்த சைக்கிள் பம்பை அதில் மாட்டி டேங்கை நோக்கி அடித்தேன். முதல் இரண்டு அடிக்குக் கை கனத்தது. மூன்றாவதில் சட்டென்று இளகியது. 'டேங்குக்குள்ள களகளன்னு கேக்குல' என்றார் பின்னால் நின்ற அப்பா. ஹோஸை மாட்டி செல்ஃப் அடித்தேன். கால் மணி நேரக் காத்திருப்பு இல்லாமல் உடனே ஓடியது. சூட்டால் வரும் பழுதாக இருந்தால் சைக்கிள் பம்புக்கு மசியாது. இனிமேல் டேங்கை இறக்கலாம்.

டேங்க்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, திறந்த வெளியில் வைத்து இறக்கினோம். இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன்: காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே இருப்பது காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி. வெல்டிங், பீடி, ஒயர் உரசிய பொறி எதுவும் அதன் பக்கத்தில் போகக் கூடாது.

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த இரண்டு வருடம் அப்படியே தெரிந்தது. அடியில் இருந்து கால்வாசி உயரம் வரை தகரம் ஓரளவு சுத்தம். அதற்கு மேலே கோடு போட்ட மாதிரி தொடங்கி கூரை வரை துரு. பெட்ரோல் நின்ற இடத்தில் தகரம் தப்பியது, காலியாக நின்ற இடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து வியர்த்து வியர்த்துத் துருவாக்கியிருக்கிறது. அந்தத் துரு செதில் செதிலாக உதிர்ந்து, உறிஞ்சு பைப்பின் முனையில் இருந்த வலையில் காப்பிக் கசடு மாதிரி அப்பியிருந்தது. ஊருக்குள் ஓட்டும்போது எஞ்சின் இழுக்கும் பெட்ரோல் குறைவு, கசிந்து வருவதே போதும். ஹைவேயில் இழுக்க இழுக்க கசடு வலையோடு ஒட்டிக்கொள்ளும். புது ஃபில்டர் சுத்தமாக இருந்ததும் இதனால்தான். அடைப்பு அதற்கும் முன்னாலேயே இருந்தது.

'எல்லாம் எத்தனால் பெட்ரோலால் வந்தது' என்று பலர் சொன்னார்கள். முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், டேங்கில் படிந்த பழைய அழுக்கை இளக்கி முன்னால் அனுப்பும். பழைய கார்புரேட்டரில் கலவையையும் கொஞ்சம் மெலிதாக்கும். ஹோஸ் வெடித்ததில் அதற்குப் பங்கு இருக்கலாம். ஆனால் துரு வந்தது நாங்கள் வண்டியைக் கால் டேங்கோடு இரண்டு வருடம் நிறுத்தியதால்.

ரேடியேட்டர் வேலை பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் கொடுத்தோம். டேங்குக்குள் சைக்கிள் செயினையும் ஒரு படி பொடிச் சல்லியையும் போட்டு, கயிற்றில் தொங்கவிட்டு அரைநாள் ஆட்டினார். பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியை ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்து, தண்ணீர் விட்டு அலசி, உடனே கம்ப்ரஸர் காற்றும் மே மாத வெயிலுமாகக் காயவைத்தார். இந்த 'உடனே' முக்கியம். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டால் பளபளத்த தகரத்தில் மறுபடி செந்துரு பூத்துவிடும். பைப்புகளை இரண்டு பக்கமும் ஊதிச் சுத்தம் செய்து, புது வலை போட்டு மாட்டினோம்.

மூன்றாவது பழுது

தென்காசி வரை நிற்காமல் போனது. கேஜ் முள் 2-ஐ விட்டு அசையவில்லை. ஆனால் பாவூர்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. அந்த ஏழு வாரப் பழுது.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். பெட்ரோல் பொங்கி எஞ்சினுக்குள் அதிகமாக இறங்கியிருக்கலாம், அல்லது பெட்ரோல் ஆவியாகி வராமலே போயிருக்கலாம். ஒரு பிளக்கைக் கழற்றினால் தெரிந்துவிடும். நனைந்திருந்தால் முதலாவது. அதற்கு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் போதும், மிதித்து மிதித்து விட்டால் இன்னும் மோசமாகும். எங்கள் பிளக் காய்ந்து கிடந்தது. அப்பா டீக்கடையில் துண்டை நனைத்து வாங்கிவந்து பம்பின் மேல் சுற்றினார். அந்தக் காலத்து அம்பாசிடர் டிரைவர்கள் செய்யும் வைத்தியம். இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட். பழுது பம்பில்தான்.

வீட்டில் பம்பைக் கழற்றியதும் விஷயம் வெளியே வந்தது. பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் விரல் தடிமனில் கறுப்பாக ஒரு இன்சுலேட்டர் பேக்கிங் இருக்க வேண்டும். எஞ்சின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். பம்ப் லிவர் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதும் அதன் தடிமனைப் பொறுத்தது. புதுப் பம்ப் போட்டபோது அது பழைய பம்போடு ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. அந்த இடத்தில் காகித பேக்கிங் மட்டும் இருந்தது. நல்லவேளையாக அப்பா பழைய பம்பைக் கேட்டு வாங்கி ஷெட்டில் வைத்திருந்தார். இன்சுலேட்டர் அதில் அப்படியே இருந்தது, பிளேடால் மெதுவாகப் பிரித்து எடுத்து, புதுப் பம்புக்குப் போட்டு மாட்டினேன். லிவர் கூடுதலாக அமுங்கி ஓடியதில் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்குமோ என்று ஆயில் கேஜ் கம்பியை எடுத்து முகர்ந்தும் பார்த்தேன். கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கி வாடை அடிக்கும். வாடை இல்லை.

பழைய பம்பை அன்றைக்கே துடைத்து, எண்ணெய் போட்டு, எடுத்து வைத்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டரை வெட்டிப் பார்த்தேன். ஒரு சிட்டிகை செந்தூள் இருந்தது. அடுத்த ஆயிரத்தில் இல்லை. இப்போது டேங்க் பாதிக்குக் கீழே இறங்க அப்பா விடுவதில்லை. நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது: 'தென்காசி போய் வந்தது. 112 கி.மீ. நிற்கவில்லை. அக்கா பலாப்பழம் கொடுத்தாள்.'